இறங்குதுறையில் கிடைத்த பதில்: மியன்மார் இராணுவ ஆட்சியும் இலங்கையும்

இந்தப் பேச்சை ஏற்பாடு செய்த அறக்கட்டளை யார் நினைவாக அமைந்ததோ அவர் எனக்கு ஒன்பதாம் வகுப்பில் சரித்திரம் படிப்பித்தவர். மாணவர் பேச்சு நீண்டால் வெண்கட்டியால் மேசையைத் தட்டுவார். இன்று தட்ட ஆளில்லை என்ற துணிவில் தொடங்குகிறேன்.

தலைப்பைப் பார்த்ததும் முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். எங்களுக்குள் பழைய வழக்கு இது. அயல்நாட்டில் இராணுவம் தன் ஆட்சிக்குட்பட்ட மக்களைக் கொல்லும்போது சிறிய நாடொன்று வாய்மூடி இருப்பதே விவேகம், அந்த மௌனமே அதன் கொள்கை என்பது நண்பர்கள் கட்சி. 2021 பெப்ரவரி 1இல் மியன்மாரில் இராணுவத் தளபதி மின் ஆங் லைங் ஆட்சியைப் பிடித்த பிறகு கொழும்பு காட்டிய நிதானத்தை அவர்கள் அப்படித்தான் விளக்கினார்கள். நம் நாட்டு அமரபுர நிக்காயம் பெயர் பெற்றதே பர்மிய நகரமொன்றிலிருந்து, அந்த உறவைக் கெடுப்பதா என்றும் கேட்டார்கள். கொழும்பு மௌனமாக இருந்தது என்பதையே நான் ஒத்துக்கொள்ளவில்லை. அது பேசியது. வெளிவிவகார அமைச்சின் அறிக்கைகளில் தேடியவர்களுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். நம்முடைய திருகோணமலைத் துறைமுகத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது.

2024 டிசம்பர் 19ஆம் திகதி முள்ளிவாய்க்கால் கடலில் ஒரு ட்ரோலர் தத்தளிப்பதை மீனவர்கள் கண்டார்கள். அடுத்த நாள் கடற்படை அதைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்தது. நூறுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள். அவர்களில் 25 பேர் சிறுவர்கள். மருத்துவப் பரிசோதனை முடியாமல் கரையில் இறக்க முடியாது என்றார்கள். அதற்குள் ஊரில் செய்தி பரவிவிட்டது. சோற்றுப் பார்சலோடும் உடுதுணியோடும் சனம் வந்தது. கேற்றடியில் நின்ற வயதான மீனவர் ஒருவர் என்னிடம், "சேர், இவங்கள் எந்த நாட்டு ஆக்கள்?" என்றார். பர்மா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அனுப்பினா அங்க எடுப்பாங்களோ?" என்றார்.

முப்பது வருடம் அயலுறவுத் துறையில் கிடந்த எனக்கு அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக இன்னும் முடியவில்லை. மியன்மாரின் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ரோஹிங்கியாக்களை நாடற்றவர்களாக்கியது. 2017 ஓகஸ்ட் 25க்குப் பிறகு 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோரை அந்நாட்டு இராணுவம் பங்களாதேஷுக்குத் துரத்தியது. தன் பிரசை இல்லை என்று சொல்லும் அரசிடம் ஒருவரை எப்படித் 'திருப்பி' அனுப்புவது?

ஆனால் 2025 ஜனவரியில் பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர் ஆனந்த விஜேபால சொன்னது அதைத்தான்: இது ஆட்கடத்தல், மியன்மாரோடு பேசித் திருப்பி அனுப்ப நடவடிக்கை எடுக்கப்படும். ஆட்கடத்தல் சந்தேகத்தில் 12 பேரைப் பிடித்தது பொலிஸின் வேலை, அதில் எனக்குப் பிணக்கில்லை. மீதிப் பேரைப் பற்றிய வசனத்தைப் பாருங்கள். அனுப்ப வேண்டுமானால் முதலில் மியன்மார் தலைநகரான நேப்பிடோவிடம் 'இவர்கள் உங்கள் ஆட்களா' என்று கேட்க வேண்டும். கேட்ட கணமே தப்பி வந்தவரின் பெயர் துரத்தியவரின் மேசைக்குப் போகிறது. துப்பாக்கியால் ஆட்சியைப் பிடித்தவர் சட்டபூர்வமான அரசு என்ற ஏற்பும் கூடவே போகிறது. தூதுவர் யாரும் ஒரு சொல் பேசாமல் முழு அயலுறவுக் கொள்கையும் அங்கே நடந்தேறிவிடுகிறது. இதையா மௌனம் என்பது?

சொல்லையும் கவனியுங்கள். அதிகாரிகள் வாயில் வந்தது 'சட்டவிரோதக் குடியேறிகள்'. அகதியைச் சிங்களத்தில் 'சரணாகத' என்பார்கள், சரண் புகுந்தவர். தினமும் பௌத்த மும்மணிகளில் சரண் புகும் நாட்டுக்கு அந்தச் சொல் ஏன் தொண்டையில் சிக்கியது என்று மொழியியல் நண்பர்கள் விளக்கட்டும்.

1951ஆம் ஆண்டு அகதிகள் சமவாயத்தில் இலங்கை ஒப்பமிடவில்லை என்று உடனே ஒரு குரல் எழும். உண்மைதான். இந்தியாவும்தான் ஒப்பமிடவில்லை. 1983க்குப் பிறகும் 1990இலும் 2006இலும் இந்த மாவட்டத்துச் சனம் ராமேஸ்வரத்தில் போய் இறங்கியபோது மண்டபம் முகாமில் எவரும் சமவாயத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. இந்த அவையிலேயே அங்கே பதிந்தவர்கள் இருக்கிறார்கள். மேலும், சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தை 1994இல் இலங்கை ஏற்றது. அதை நடைமுறைப்படுத்த அதே ஆண்டு 22ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. சித்திரவதை நடக்கும் இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று அச்சமவாயத்தின் 3ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆகவே இது இரக்கத்தைப் பற்றிய பேச்சல்ல, ஏற்றுக்கொண்ட கடமை. அந்தக் கடமை இருந்தும், படகில் வந்த மக்களைக் கேப்பாப்பிலவு விமானப்படை முகாமில் கொண்டுபோய் வைத்தார்கள். படையினர் பிடித்த தன் காணியைத் திருப்பிக் கேட்டு ஊரே வீதியில் இருந்த இடம் கேப்பாப்பிலவு.

நேரம் போய்விட்டது, மற்றவற்றைத் தொட்டுச் செல்கிறேன். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் இராணுவம் கொலை செய்துகொண்டிருந்த காலத்தில், இந்தியா வான்வழியை மூடியதால் பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பு வழியாகப் போய்வந்தன. அதையும் அணிசேராமை என்றார்கள். சிறிய நாடு என்ற சாட்டுக்குப் பதில் காம்பியா: 2019 நவம்பரில் மியன்மாரை ஹேக் நகரச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது நம்மைவிடச் சிறிய அந்த நாடுதான். 2017 செப்டெம்பரில் கல்கிசையில் ரோஹிங்கியாக்கள் தங்கியிருந்த வீட்டைப் பிக்குகள் தலைமையில் ஒரு கும்பல் முற்றுகையிட்டதைத் தனியாக எழுத வேண்டும். 1971 விமான விவகாரத்தைத் தமிழில் யாராவது ஆய்வேடாகச் செய்தால் நல்லது. படகில் வந்தவர்களின் மொழி சிட்டகாங் வங்காளத்துக்கு நெருங்கியது. அது தெரியாமல் அவர்களோடு சைகையில் கதைத்தவர்களிடமிருந்தும் வாக்குமூலம் எடுக்க வேண்டும்.

அதற்கு ஆட்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். அந்த டிசம்பரில் சமைத்தவர்கள், மருந்து கொடுத்தவர்கள், படகில் கயிறு போட்டவர்கள் வீட்டில் கைபேசிப் படமோ குறிப்போ இருந்தால் அழித்துவிடாதீர்கள். நூலக நிறுவனத்துக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.