பழைய காரும் பழுதற்ற சொல்லும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே சில கல் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் செண்பகத்தோப்பு என்னும் இடம் உள்ளது. மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் நிறைந்த பகுதி அது. அதற்கு மேலே காட்டழகர் கோயிலுக்குச் செல்லும் மலைப்பாதை. சுற்றிலும் சாம்பல் நிற அணில்களுக்காக 1988ஆம் ஆண்டு சரணாலயமாக்கப்பட்ட காடு. அங்கே எங்கள் மாந்தோப்பின் ஓரத்தில், ஓடு வேய்ந்த கொட்டகை ஒன்றில், என் தந்தையாரின் கார் இருபத்திரண்டு ஆண்டுகள் அசையாமல் நின்றது. அதை விற்ற கதையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ஒரு காரை விற்பதில் மாணவர்கள் கற்பதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

அது 1966ஆம் ஆண்டில் பதிவான ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ கார். இங்கிலாந்தில் 1959இல் ‘டிரயம்ப் ஹெரால்டு’ என்ற பெயரில் வெளிவந்த வண்டி, 1961 முதல் சென்னையை அடுத்த பெருங்களத்தூர்த் தொழிற்சாலையில் ‘ஸ்டாண்டர்டு’ என்ற பெயரோடு உருவாயிற்று. அதன் உருவை வரைந்தவர் மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாசடரும், பம்பாயில் ஃபியட்டும், சென்னையில் ஹெரால்டும் என்று, நம் நாட்டுச் சாலைகளில் மூன்றே வகைக் கார்கள் பெரும்பான்மையாக ஓடிய காலம் அது. அம்பாசடரின் உற்பத்தி 2014இல் நின்றது. மற்ற இரண்டும் அதற்கு முன்பே விடைபெற்றுவிட்டன.

ஹெரால்டின் அமைப்பில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. இன்றைய பெரும்பாலான கார்களில் உடலும் எலும்பும் ஒன்றே. ஹெரால்டிலோ அடியில் ஓர் இரும்புச் சட்டகம் தனியாக இருக்கும்; அதன்மேல் உடற்பகுதிகள் திருகாணிகளால் பொருத்தப்பட்டிருக்கும். முன்பக்க மூடியைத் தூக்கினால் இரு பக்கத்து மட்கார்டுகளும் சேர்ந்து முன்னோக்கித் திறந்துகொள்ளும்; இயந்திரம் முழுவதும் கண்முன் நிற்கும். ஆகவே பகுதி பகுதியாகக் கழற்றிச் செப்பனிட ஏற்ற வண்டி அது. ஆயினும் அந்தச் சட்டகம் துருப்பிடித்துவிட்டால், மேலே எத்துணை அழகாக வண்ணம் பூசினாலும் பயனில்லை. வேர் அரித்துப்போன மரத்துக்கு இலையில் நீர் தெளிப்பது போன்றதாகும் அது.

தந்தையார் மறைந்தபின் நானும் என் தங்கையும் அந்தக் காரைத் தொடவில்லை. கொட்டகையின் தரையோ மண்தரை. ஐப்பசி கார்த்திகை மழையில் மலையிலிருந்து இறங்கும் ஈரம் அந்த மண்ணில் பல நாள் தங்கும். இரும்பும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு தோன்றும் என்று நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நான் அதைக் காரின் அடியில் படுத்துப் படித்தேன். பெட்ரோல் வற்றிப் பிசினாகியிருந்தது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. அதனால் சக்கரங்களின் உள்ளே இருந்த உருளைகள் இறுகிக் கிடந்தன. பின்னிருக்கையின் பஞ்சில் எலிகள் குடும்பம் நடத்தியிருந்தன.

கொட்டகை ஓடு சரிந்தது. தோப்பு வீட்டைச் செப்பனிடப் பணம் வேண்டியிருந்தது. காரை விற்றுவிடலாம் என்று தங்கையும் நானும் முடிவு செய்தோம். செய்தி பரவியதும் தரகர் ஒருவர் வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

“அண்ணாச்சி, இதை இப்படியே விற்றால் காயலான் கடை விலைதான் கிடைக்கும். என்னிடம் விடுங்கள். ஓட்டை விழுந்த இடத்தில் தகரம் வைத்துப் பட்டி பூசி, மேலே பச்சை வண்ணம் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்? ‘சிறு வேலைதான் பாக்கி’ என்று சொல்லி இரண்டு மடங்குக்குத் தள்ளிவிடுகிறேன்.”

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இரண்டு மடங்கு என்றால் தோப்பு வீட்டின் கூரை முழுவதும் மாறிவிடும். வாங்குகிறவன் கண் திறந்து பார்த்துத்தானே வாங்க வேண்டும் என்று மனம் எனக்காக வழக்காடியது. மறுநாள் என் தங்கையிடம் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அண்ணா, பட்டி பூசப்போகும் இடம் எது?” என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு விடை காண, ஊரிலிருந்து மூத்த மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் ஒரு சிறு காந்தத்தைக் காரின் உடலெங்கும் ஒட்டிப் பார்த்தார். இரும்பு உள்ள இடத்தில் காந்தம் பற்றும். முன்பே யாரோ பட்டி பூசிய இடத்தில் நழுவும். பிறகு அடியில் படுத்துச் சட்டகத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டினார். நல்ல இரும்பு கணீரென்று ஒலித்தது. சட்டகத்திலிருந்து பக்கவாட்டில் நீண்டு உடலைத் தாங்கும் கைகளுள் இரண்டு, தட்டியதும் பொருக்குகளாக உதிர்ந்தன. தரகர் பட்டியால் மறைக்க நினைத்த இடம் அதற்கு நேர்மேலே இருந்தது. அந்தப் பட்டியை நம்பி ஒருவர் தம் மனைவி மக்களோடு நெடுஞ்சாலையில் சென்றால் என்ன நேரும்? மெக்கானிக் அதைச் சொல்லவில்லை. எழுந்து கைகளைத் துடைத்துக்கொண்டார். எனக்கு விளங்கிவிட்டது.

அதன்பின் நாங்கள் காரை ‘புதுப்பிக்கப்படாத பழைய வண்டி’ என்றே விற்பது என்று உறுதிகொண்டோம். அப்படி விற்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில், இயந்திரத்தை இயக்கிப் பார்க்கும் ஆசையை அடக்கினோம். பல்லாண்டு நின்ற இயந்திரத்தை மின்கலம் வைத்துத் திடீரெனச் சுழற்றினால் உள்ளே வளையங்கள் உடையக்கூடும். பொறிக்குமிழ்களைக் கழற்றி, அந்தத் துளைகளில் எண்ணெய் விட்டு, சில நாள் கழித்துக் கையால் மெல்லத் திருப்பினோம். அது அசைந்தது. அவ்வளவோடு நிறுத்திக்கொண்டோம். தூசியைக் கழுவினோம், வண்ணம் எதுவும் பூசவில்லை. பிறகு குறைகளை ஒரு தாளில் எழுதினேன். பதினேழு குறைகள் வந்தன. சட்டகத்தின் துருவை முதலாவதாக எழுதினேன். அதன் நிழற்படத்தையும் முதலில் வைத்தேன்.

அடுத்தது ஆவணம். பதிவுப் புத்தகம் இன்னும் தந்தையார் பெயரிலேயே இருந்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, உரிமையாளர் இறந்தால் வாரிசு அதைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்குரியது 31ஆம் படிவம். விற்பனையின்போது உரிமையை மாற்றுவதற்கு உரியவை 29, 30ஆம் படிவங்கள். நான் இத்தனை ஆண்டு அசட்டையாக இருந்ததற்குப் பல நடை நடந்தேன். சட்டகத்திலும் இயந்திரத்திலும் பொறித்த எண்கள் புத்தகத்தில் உள்ளவற்றோடு ஒத்திருந்தது எங்கள் நற்பேறு.

இங்கே ஒரு செய்தியை நீங்கள் அறிதல் நன்று. முதற்பதிவு ஆகி ஐம்பது ஆண்டு கடந்த வாகனங்களைத் தொன்மை வாகனங்களாகப் பதிவு செய்ய, 2021ஆம் ஆண்டு நடுவண் அரசு தனி விதிகளை வகுத்தது. வண்டி தன் மூல வடிவில் இருக்க வேண்டும்; சட்டகத்தையோ உடலையோ இயந்திரத்தையோ பெரிதும் மாற்றியிருத்தல் ஆகாது. அத்தகைய வண்டியைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஆராய்ச்சிக்கும் ஓட்டலாம். அன்றாடப் பயணத்துக்கு ஓட்டலாகாது. ஆகவே, தரகர் சொன்ன தகரமும் பட்டியும் வண்டியின் அழகைக் கூட்டுவதற்கு மாறாக அதன் தகுதியையே குறைத்திருக்கும்.

உலக வழக்கும் இதனோடு ஒத்தே இருக்கிறது. பழைய வாகனங்களைப் பேணும் பன்னாட்டுக் கூட்டமைப்பு 2012இல் டூரின் சாசனம் என்ற ஒன்றை ஏற்றது. இயன்றவரை பழையதைக் காப்பாற்றுக, இன்றியமையாத இடத்தில் மட்டும் மாற்றுக, மாற்றியதை எழுதி வைக்க என்பது அதன் சாரம். 2015ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாரிஸ் நகரில் பையோன் குடும்பத்தின் கார்கள் ஏலத்துக்கு வந்தன. பண்ணைக் கொட்டகைகளில் பல்லாண்டு கிடந்த அவற்றைத் தூசியோடும் துருவோடும் அப்படியே காட்டினார்கள். பழைய பத்திரிகைக் கட்டுகளின் கீழ்க் கிடந்த ஒரு ஃபெராரி 1 கோடியே 60 லட்சம் யூரோவுக்கு மேல் விலைபோயிற்று. எங்கள் ஹெரால்டு ஃபெராரி அன்று. அந்தக் கனவு எங்களுக்கு இல்லை. எனினும், உள்ளது உள்ளபடி நிற்கும் பொருளுக்கும் மதிப்புண்டு என்பதை அந்த ஏலம் காட்டிற்று.

வாங்க வந்தவர் மதுரையைச் சேர்ந்த இளைஞர், பொறியியல் பட்டதாரி. நான் தாளை நீட்டியதும் அவர் வியப்போடு என்னைப் பார்த்தார். “ஐயா, நான் குறைகளைக் கண்டுபிடித்து விலையைக் குறைக்கலாம் என்று வந்தேன். எனக்கு வேலையே இல்லாமல் செய்துவிட்டீர்களே!” என்றார். “தம்பி, முதல் வரியை மட்டும் இருமுறை படியுங்கள். அந்த இரண்டு கைகளையும் புதிதாகப் பொருத்தாமல் வண்டியைச் சாலையில் இறக்காதீர்கள்” என்றேன். தரகர் சொன்ன விலையில் பாதிக்குச் சற்றே கூடுதலாகத் தந்தார். பெற்றுக்கொண்டோம். தோப்பு வீட்டின் கூரையில் பாதி மாறியது. மறு பாதி இன்னும் பழைய ஓட்டோடுதான் இருக்கிறது. மழை நாளில் அங்கே ஒரு பாத்திரம் வைக்கிறோம்.

கார் போகும் நாளில், தந்தையார் பெட்ரோல் கணக்கு எழுதி வந்த சிறு குறிப்பேட்டையும் அந்த இளைஞரிடம் கொடுக்கச் சொன்னாள் என் தங்கை. “எழுத்து அப்பாவுடையது, ஆனாலும் வண்டிக்கு உரியது” என்றாள். அதைக் கொடுப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

இரண்டு மாதம் சென்றபின் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். உடலைச் சட்டகத்திலிருந்து பிரித்தபோது, எங்கள் தாளில் இல்லாத பதினெட்டாவது துரு ஒன்று பின்பக்கத்தில் தென்பட்டதாம். நான் பதறி, பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாகச் சொன்னேன். “வேண்டாம் ஐயா. மற்ற பதினேழும் சரியாக இருந்தன; ஆகவே இது உங்களுக்கும் தெரியாதது என்று எனக்குத் தெரியும். தாளில் சேர்த்துக்கொள்ளவே சொன்னேன்” என்றார். சேர்த்துக்கொண்டேன். அந்தத் தாளின் படி இன்றும் என்னிடம் இருக்கிறது.

மாணவ நண்பர்களே! கோயம்புத்தூரில் 2015இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகத்தைக் காணும் வாய்ப்புக் கிடைத்தால் தவறாமல் காணுங்கள். பழைய கார்களின் பளபளப்பைப் பார்த்து மகிழும்போது, அந்தப் பளபளப்புக்குக் கீழே உள்ள இரும்பையும் நினையுங்கள். நாளை நீங்களும் ஒரு மிதிவண்டியையோ, வீட்டையோ, உங்கள் உழைப்பையோ விற்க நேரும். அப்போது வாங்குகிறவர் கேட்பதற்கு முன்பே குறையைச் சொல்லிவிடுங்கள். விலை சிறிது குறையலாம். எனக்குக் குறைந்தது பாதிக் கூரை. ஆனால் மதுரைச் சாலையில் ஒரு பழைய ஹெரால்டு செல்லக் கண்டால், அதனுள் இருப்பவர்களைக் குறித்து நான் அஞ்ச வேண்டியதில்லை.