அஞ்சலில் வரும் வேதியியல்

 

மேனிலைப் படிப்பை முடித்துக் கடைகளில் வேலைக்கமர்ந்த நம் பிள்ளைகள் சிலர், தொலைநிலைக் கல்வியில் வேதியியல் பட்டம் பெறலாமா என நம்மிடம் வினவுகின்றனர். பெறலாம். 1985இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அத்தகைய கல்வியை வழங்கி வருகிறது. அங்கு ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேர உழைப்பு. தேர்வுக்கு முந்தைய வாரம் மட்டும் படித்துத் தேறிவிட இயலாது.

பாடநூல் இல்லம் தேடி வரும், ஆய்வகம் வாராது. ப்யூரெட்டிலிருந்து காரம் சொட்டுச் சொட்டாய் விழ, பினாப்தலீன் கலந்த அமிலக் கரைசல் இளஞ்சிவப்பாகும் கணத்தில் நிறுத்துவதற்குக் கை பழக வேண்டும். ஏடு அதைக் கற்பிக்காது. எழுத்துத் தேர்வுகள் அனைத்திலும் தேறியும், கடையில் விடுப்புக் கிடைக்காமல் செய்முறை வகுப்பைத் தவறவிட்டு, பட்டத்தை இழந்த தம்பி ஒருவரை நாம் அறிவோம்.

ஆகவே பிள்ளைகளே, கட்டணம் செலுத்துமுன் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி உண்டா, ஆய்வக மையம் எங்குள்ளது, வகுப்பு நாள்கள் எவை என உறுதி செய்துகொள்ளுங்கள். கடை நடத்தும் பெரியோர்களே, அந்தச் சில நாள்களுக்கு ஊதியத்துடன் விடுப்பளியுங்கள். ஒரு பிள்ளையின் பட்டம் உங்கள் கையில் இருக்கிறது.