பெயரும் செலவும்



அரசுக் கட்டடங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் தலைவர் பெயரைச் சூட்டும் பேச்சு எழும்போதெல்லாம், "பலகை மாற்றவும் முத்திரை மாற்றவும் மக்கள் வரிப்பணத்தை வீணாக்கலாமா?" என்னும் வினாவும் உடன் எழுகின்றது. தாழ்த்தப்பட்ட மக்களுள் தோன்றிய சான்றோர் பெயரெனின் அவ்வினா இன்னும் உரத்து ஒலிக்கின்றது. அதற்குக் கணக்கைக் கொண்டே விடை காண்போம்.

அமெரிக்க நாட்டில் மத்திய அரசின் நீதிமன்றக் கட்டடத்துக்கு ஒருவர் பெயரைச் சூட்ட, அந்நாட்டுக் காங்கிரசு தனிச் சட்டம் இயற்றுவது வழக்கம். 1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த வரவு செலவுத் திட்ட அலுவலகம், குழுக்களைக் கடந்து வரும் மசோதாக்களுக்குச் செலவு மதிப்பீடு தருகின்றது. பெயர் சூட்டும் மசோதாக்களுக்கு அது தரும் விடை பெரும்பாலும் ஒன்றே: அரசின் வரவு செலவில் குறிப்பிடத்தக்க விளைவு இராது. காரணம் எளிது. பழைய பெயர் சட்டத்திலோ, நிலப்படத்திலோ, ஆவணத்திலோ எங்கிருப்பினும் அதனைப் புதிய பெயராகவே கொள்ளுதல் வேண்டும் என அச்சட்டமே விதித்துவிடுகின்றது. பழைய ஏடுகளைத் திருத்த வேண்டுவதில்லை. எஞ்சுவது பலகையும் கல்வெட்டுமே.

அந்நாட்டில் 2001இல் நியூயார்க்கு நகரின் பழைய நீதிமன்றம் ஒன்றுக்குத் தர்குட் மார்ஷல் பெயர் சூட்டப்பெற்றது. பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்னும் 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பை வாதாடிப் பெற்றவர் அவர். 1967இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானவர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அண்ணல் அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, அதன் வாயிலாக 1950இல் அன்றைய ஔரங்காபாத்தில் கல்லூரி தொடங்கினார். அவ்வூரின் மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரைச் சூட்ட, 1978 சூலையில் மகாராட்டிரச் சட்டமன்றத்தின் ஈரவைகளும் தீர்மானித்தன. உடனே கலவரம் மூண்டது. நம் மக்களின் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் மாய்ந்தன. 1994 சனவரி 14ஆம் நாளில்தான், பழைய பெயரும் நிலைத்திருக்க, பாபாசாகேபின் பெயர் அதன்முன் சேர்ந்தது. இடையே கழிந்தவை பதினைந்தரை ஆண்டுகள். அச்செலவை எந்த நிதிநிலை அறிக்கை காட்டும்?

தமிழகமும் இதற்கு விலக்கன்று. 1997இல் தென் மாவட்டங்களில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டபோது சாதிக் கலவரம் எழுந்தது. முடிவில் மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் அனைத்திலிருந்தும் தலைவர் பெயர்களை அரசு நீக்கியது. கட்டபொம்மன் பெயரும் சிதம்பரனார் பெயரும் மாவட்டப் பலகைகளிலிருந்து உடன் அகன்றன. ஒரு பெயரை எழுதும் செலவு சிறிது; அதனைப் பொறாது எல்லாப் பெயரையும் அழிக்கும் செலவே பெரிது.

ஆயினும் நாம் எண்ண வேண்டியது மற்றொன்று உண்டு. செலவு சிறிது என்பதனாலேயே பெயர் சூட்டல் அரசுகளுக்கு எளிய கொடையாகிவிடுகின்றது. நம் பிள்ளைகளின் கல்வி அத்தகையதன்று. உயர்கல்வி உதவித்தொகை 1944இல், அண்ணல் வைசிராயின் நிர்வாக சபையில் உறுப்பினராய் இருந்த காலத்தில் தொடங்கியது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை அத்திட்டத்துக்கு ஐந்தாண்டுகளுக்கென 59,048 கோடி ரூபாயை ஏற்று, அதில் 60 விழுக்காட்டை மத்திய அரசும் எஞ்சியதை மாநிலங்களும் தரவேண்டுமென வகுத்தது. வரவு செலவுத் திட்டத்தில் நாம் விரல் வைத்துப் படிக்கவேண்டிய வரி இதுவே.

ஆகவே அன்பர்களே, பெயர் கேட்பது நம் உரிமை. செலவைக் காட்டி மறுப்பாரிடம் மேற்சொன்ன கணக்கைக் காட்டுவோம். பெயரைத் தந்துவிட்டோம் என்று அமைவாரிடம், உதவித்தொகை உரிய காலத்தில் மாணவன் கையை அடைந்ததா என்று கேட்போம். அவ்விரு கேள்விகளையும் அஞ்சாது கேட்கவல்ல பிள்ளைகளை உருவாக்குவதே, இருபத்தைந்து ஆண்டு கண்ட நம் சங்கத்தின் அடுத்த பணி.