பாதை போடாமல் பதக்கம் கேட்கிறோம்

பனியில் சறுக்கி விளையாடுகிற ஒருவரைப் பற்றி நம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்திலும் கோம்பையிலும் உத்தமபாளையத்திலும் இருப்பவர்களிடம் எதற்குப் பேச வேண்டும் என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. சிவ கேசவன் என்ற இந்திய வீரர் 1998 முதல் 2018 வரை தொடர்ந்து ஆறு குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டு ஓய்வு பெற்றார். ஒன்றில்கூடப் பதக்கம் இல்லை. 2006-இல் இத்தாலியின் டூரின் நகரில் கிடைத்த 25-ஆவது இடம்தான் அவருடைய ஒலிம்பிக் வாழ்வின் உச்சம். இதை வெற்றி என்று சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம் என்பது என் கட்சி. ஆனால் அந்த வெற்றியில் நாட்டின் பங்கு மிகவும் குறைவு. அதைத்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

அவர் ஆடியது லூஜ் என்ற விளையாட்டு. ஓர் ஆள் படுக்கிற அளவுக்குச் சின்னச் சறுக்குவண்டி. அதில் மல்லாந்து படுத்து, கால் முன்னே போகும்படி, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான பனிக்கட்டிப் பாதையில் இறங்க வேண்டும். போடிமெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகள் அத்தனையும் பனிக்கட்டியாக இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 130 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போகும். பிரேக் கிடையாது. கெண்டைக்காலால் வண்டியின் முன்பகுதியை அழுத்தியும் தோள்பட்டையைச் சற்றே இறக்கியும்தான் திருப்ப வேண்டும். தலையைத் தூக்கிப் பார்த்தால் காற்று தடுத்து நேரம் போய்விடும். அதனால் ஒவ்வொரு வளைவும் உடம்புக்கே மனப்பாடமாகி இருக்க வேண்டும். நேரத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை அளக்கிறார்கள். இப்படி மனப்பாடம் ஆவதற்கு ஒரே வழி, பாதையில் நூற்றுக்கணக்கான தடவை இறங்குவது. இந்தியாவில் அப்படிப்பட்ட செயற்கைப் பனிப்பாதை ஒன்றுகூட இல்லை.

கேசவனின் தந்தை கேரளத்துத் தலச்சேரிக்காரர், தாய் இத்தாலியப் பெண்மணி. மகன் பிறந்து வளர்ந்தது இமாசலப் பிரதேசத்தில், மணாலியை ஒட்டிய வசிஷ்ட் கிராமத்தில். பள்ளியில் படிக்கும்போது, ஆஸ்திரியாவின் முன்னாள் வீரர் குந்தர் லெம்மரர் பஞ்ச்குலாவில் நடத்திய முகாமில் லூஜ் அறிமுகமானது. அங்கே பனி இல்லை. சக்கரம் மாட்டிய வண்டியைத் தார்ச்சாலையில் ஓட்டித்தான் கற்றுக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு 1998-இல், 16 வயதில், ஜப்பானின் நகானோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராக இறங்கி 28-ஆவது இடம் பிடித்தார். பின்னாளிலும் மணாலி மலைச் சாலைகளில், லாரிகளுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் நடுவே, சக்கர வண்டியில்தான் பயிற்சி செய்துகொண்டிருந்தார். இத்தாலி தங்கள் அணிக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டது. போயிருந்தால் பாதை, பயிற்சியாளர், வண்டி, பணம் எல்லாம் கிடைத்திருக்கும். மறுத்துவிட்டார். 2011-இலும் 2012-இலும் ஆசியக் கோப்பையில் தங்கம் வென்றார்.

அவர் இவ்வளவு செய்தபோது நாடு என்ன செய்தது? 2014-இல் ரஷ்யாவின் சோச்சி ஒலிம்பிக்கில் அவர் தேசியக் கொடியின் கீழ் போட்டியிடவில்லை. தேர்தலை ஒலிம்பிக் சாசனப்படி நடத்தாததால் இந்திய ஒலிம்பிக் சங்கம் 2012 டிசம்பரில் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தது. தடை 2014 பிப்ரவரி 11-ஆம் தேதி விலகியது. கேசவனின் போட்டியோ அதற்கு இரண்டு நாள் முன்பே முடிந்துவிட்டது. அதே சோச்சியில், பயிற்சி ஓட்டம் ஒன்றில் வண்டியிலிருந்து கீழே விழுந்தவர், சறுக்கிக்கொண்டிருக்கும்போதே அதைப் பிடித்து மறுபடி ஏறிப் படுத்து ஓட்டத்தை முடித்தார். அந்தக் காட்சியை உலகமே பார்த்து வியந்தது. நிர்வாகம் தந்த அவமானத்தை அவ்வளவு பேர் கவனிக்கவில்லை.

பனி பெய்யாத நாட்டுக்கு இதெல்லாம் வீண் ஆடம்பரம் என்று சிலர் சொல்வார்கள். காஷ்மீரும் லடாக்கும் இமாசலமும் உத்தராகண்டும் இந்த நாட்டில்தானே இருக்கின்றன? பனியிலேயே பிறந்து வளர்கிற பிள்ளைகளுக்கு அவர்கள் மண்ணின் விளையாட்டை ஆடம்பரம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. செலவு செய்தால் மட்டும் உடனே பதக்கம் வந்துவிடுமா என்பது இன்னொரு கேள்வி. உடனே வராது என்பது உண்மைதான். கனடாவைப் பாருங்கள். பனிச்சறுக்கில் 1968-இல் ஒலிம்பிக் தங்கம் வென்ற நான்சி கிரீன் வளர்ந்தது ரோஸ்லாண்ட் என்ற சுரங்க ஊரில். ஊரை ஒட்டியே சறுக்கு மலை இருந்தது. லூஜில் அந்த நாட்டுக்கு அப்படி ஒரு தொடக்கம் இல்லை. 1988 ஒலிம்பிக்குக்காகக் கால்கரி நகரில் பாதை கட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அதே நகரில் பிறந்த அலெக்ஸ் கோஃப் என்ற பெண், 2018-இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் வெண்கலம் வென்றார். லூஜில் கனடாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான். பாதை வந்த பிறகும் ஒரு தலைமுறைக் காலம் பிடித்திருக்கிறது. அதே பியோங்சாங்கில்தான், பாதையே இல்லாத நாட்டிலிருந்து போன கேசவன் 34-ஆவதாக வந்து விடைபெற்றார்.

இன்னொரு வாதம் நம் ஊருக்கே நெருக்கமானது. திறமை இருந்தால் எந்தப் பட்டிக்காட்டிலிருந்தும் மேலே வரலாம், பண்ணைப்புரத்திலிருந்து இளையராஜா வரவில்லையா என்பார்கள். வந்தார். அந்தப் பெருமை இந்த மண்ணுக்கு என்றும் உண்டு. ஆனால் எப்படி வந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அண்ணன் பாவலர் வரதராஜனின் இசைக்குழு இருந்தது. இளம் வயதிலேயே அதோடு ஊர் ஊராகப் போய் மேடை பழகினார். சென்னையில் தன்ராஜ் மாஸ்டர் இருந்தார். மேற்கத்திய இசையை முறையாகக் கற்றுக்கொடுத்தார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக வேலை பார்க்க முடிந்தது. இத்தனைக்கும் பிறகுதான் 1976-இல் ‘அன்னக்கிளி’. அவருடைய மேதைமை இதனால் கடுகளவும் குறையாது. அண்ணனின் குழுவும் மாஸ்டரின் வகுப்பும் இல்லாத ஊர்களில் எத்தனை பிள்ளைகள் வெளியே தெரியாமலே போனார்கள் என்று யாரும் கணக்கு எடுத்ததில்லை. வந்த ஒருவரைக் காட்டி, வராதவர்கள் எல்லாம் திறமை இல்லாதவர்கள் என்று முடிவுகட்டுவது பெரிய அநியாயம்.

கஷ்டம்தான் சாதித்தவர்களுக்கு உரமூட்டியது என்ற பேச்சையும் நான் ஏற்கவில்லை. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்காகப் போராட வேண்டிய கேசவன், வண்டி வாங்கவும் விமானச் சீட்டு எடுக்கவும் ஆள் ஆளாகப் பார்த்துக் கைநீட்டிய நாள்கள் எல்லாம் பயிற்சியிலிருந்து கழிந்த நாள்கள். 2020-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது கேசவனுக்குக் கிடைத்தது, அவர் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டு ஆன பிறகு. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போனது ஒரே ஒருவர், காஷ்மீரத்துப் பனிச்சறுக்கு வீரர் ஆரிஃப் கான். லூஜுக்கு ஆள் இல்லை.

நம் பள்ளத்தாக்குக்குப் பனிப்பாதை தேவையில்லை. கபடிக்கும் ஓட்டத்துக்கும் கைப்பந்துக்கும் ஏங்குகிற பிள்ளைகள் இங்கே ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அடுத்த முறை உங்கள் வார்டு உறுப்பினர் வீட்டு வாசலுக்கு வரும்போது, குடிநீரையும் சாக்கடையையும் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் ஓடுவதற்கு ஒரு நல்ல மைதானமும், சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சியாளரும் வேண்டும் என்று கேளுங்கள். கிடைக்கிறவரை கேளுங்கள்.