குழாயை எடுத்த பிறகு

(நமது மருத்துவமனையை ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கிவரும் அன்பர்களின் கூடுகையில், பச்சிளங்குழந்தைகள் பிரிவு டாக்டர் ஆற்றிய உரை)



உங்களில் அநேகர் எங்கள் வார்டுக்கு வெளியே நின்று, கண்ணாடி வழியாகக் குழந்தைகளைப் பார்த்திருக்கிறீர்கள். பார்த்தவர்கள் கேட்கும் முதற்கேள்வி, "டாக்டர், இன்னொரு வென்டிலேட்டர் வாங்கித் தரட்டுமா?" என்பதுதான். அந்த அன்புக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம். இன்றைக்கு நான் பேச விரும்புவது, அந்த வென்டிலேட்டரை எடுத்துவிடுகிற நாளைப் பற்றி.

குழாய் போட்டிருக்கும் குழந்தை அழுதால் சத்தம் வராது. குழாய் குரல்நாண்களின் நடுவே இறங்குவதால், முகம் சுருங்கும், வாய் திறக்கும், அவ்வளவுதான். ஒரு கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு நாங்கள் போடும் குழாயின் உள்விட்டம் இரண்டரை மில்லிமீட்டர். கருவி உயிரைக் காக்கிறது, மெய்தான். ஆனால் அது தள்ளும் காற்றே நாளடைவில் பிஞ்சு நுரையீரலைப் புண்ணாக்குகிறது. குழாய் வழியாய்க் கிருமியும் இறங்கும். ஆகையால் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும். மிகவும் சீக்கிரமாய் எடுத்தாலோ, குழந்தை களைத்துப்போய் மறுபடியும் குழாய் போட நேரும், அதுவும் சேதந்தான். இன்ன நாளில் எடுக்கலாம் என்று உறுதியாய்ச் சொல்லும் பரிசோதனை எதுவும் இல்லை.

எடுத்தவுடன் கரகரத்த ஒரு சிறிய அழுகை கேட்கும். (தன் பிள்ளையின் சத்தத்தை அன்றுதான் சில தாய்மார் முதன்முதலாகக் கேட்கிறார்கள்.) அதற்குப் பின்புதான் எங்களுக்குப் பயம். எட்டு மாதம் நிறையுமுன் பிறந்த குழந்தைக்கு, மூச்சை நடத்தும் மூளைப்பகுதி முதிர்ந்திருக்காது. மூச்சுவிடுவதையே அது மறந்துவிடும். 20 விநாடி நின்றுவிட்டால் ஆபத்து என்று கணக்கிடுகிறோம். இருதயத் துடிப்பு குறையும், உடல் நீலம் பூக்கும். 28 வாரத்திற்கு முன் பிறந்தவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் இது உண்டு.

இதற்கு மருந்து, காப்பியில் இருக்கிற அதே காஃபீன்! (பாட்டிமார் யாரும் வீட்டில் காப்பி புகட்டிவிட வேண்டாம், அளந்து கொடுக்கும் மருந்து இது.) டாக்டர் பார்பரா ஷ்மிட்டும் உடன் ஊழியரும் பல நாடுகளில் 500 முதல் 1250 கிராம் எடையுள்ள இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்திய ஆராய்ச்சி 2006-லும் 2007-லும் வெளிவந்தது. காஃபீன் பெற்றவர்கள் ஏறக்குறைய ஒரு வாரம் முன்னதாகவே குழாயிலிருந்து விடுபட்டார்கள். ஒன்றரை வயது தாண்டிப் பார்த்தபோது, ஊனமின்றிப் பிழைத்திருந்தோரும் அவர்களில் அதிகம்.

அடுத்தது, மூக்கில் வைக்கும் சிறு குழல். மூச்சுப்பைகள் ஒட்டிக்கொள்ளாதபடி இடைவிடாத மெல்லிய அழுத்தத்தில் காற்றுக் கொடுக்கும் முறையை 1971-ல் அமெரிக்காவில் டாக்டர் ஜார்ஜ் கிரிகரி வெளியிட்டார். அழுத்தத்துக்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. காற்று வெளியேறும் குழாயின் நுனியைத் தண்ணீர்ப் புட்டியில் 5 சென்டிமீட்டர் அமிழ்த்தினால், அழுத்தமும் அந்த அளவே. குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

யார் பார்ப்பது? காரியம் அங்கேதான் இருக்கிறது. மூச்சு நின்ற குழந்தையின் உள்ளங்காலைத் தேய்த்துவிட்டால், பெரும்பாலும் திரும்ப மூச்சுவிடும். எச்சரிக்கை மணி அடிக்கத்தான் அடிக்கும், ஆனால் மணிக்குக் கை கிடையாது. இரவு மூன்று மணிக்கு இரண்டு குழந்தைகளைக் கவனிக்கிற நர்ஸ், கை நீட்டினால் எட்டிவிடுவாள். ஆறு குழந்தைகளைக் கவனிக்கிறவள் ஓடித்தான் வரவேண்டும்; அதற்குள் எத்தனை விநாடி போய்விடும்!

வென்டிலேட்டரில் கொடுத்தவர் பெயரைப் பொறிக்கலாம். இரவு நர்ஸின் சம்பளத்தில் யார் பெயரையும் பொறிக்க முடியாது. அதனாலேயே அதற்குக் காணிக்கை வருவது அருமையாயிருக்கிறது என்று நினைக்கிறேன், மனம் நோகாதிருங்கள். இந்த வருஷம் உங்கள் சபையிலோ, பெண்கள் ஐக்கியத்திலோ, ஒரு நர்ஸின் ஓராண்டுச் சம்பளத்தை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று பேசிப் பாருங்கள். அந்த நர்ஸுக்காகவும், அவள் பார்க்கும் பிள்ளைகளுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். கணக்கு விவரங்களை ஆபீஸில் கேட்டால் தருவார்கள்.