பயங்கரவாதமும் சர்க்காரும்

(பூவிருந்தவல்லியில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் பேசிய பேச்சின் சுருக்கம்)



பயங்கரவாதம் என்பதைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறார்கள். அதற்கு இந்தப் பூவிருந்தவல்லியைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. 1991 மே 21-ந் தேதி இரவு ராஜீவ் காந்தி அவர்கள் இந்த ரோட்டு வழியாகத்தான் ஸ்ரீபெரும்புதூருக்குப் போனார். அங்கே குண்டுக்குப் பலியானார். அந்த வழக்கை விசாரித்த தனிக் கோர்ட்டும் இதே ஊரில்தான் இருந்தது.

காரணம் கேட்கிறவனைக் கொலைகாரனுக்கு வக்காலத்து வாங்குகிறவன் என்று சிலர் சொல்லுவார்கள். ஊரில் காலரா வந்தால் மாரியாத்தாள் கோபம் என்று கூழ் ஊற்றச் சொல்லுகிறவன் இருக்கிறான். குளத்துத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுகிறவனும் இருக்கிறான். சோதிக்கச் சொன்னவன் காலராவுக்குச் சொந்தக்காரனா? "இவன் பிறவி அரக்கன்" என்பது கூழ் ஊற்றுகிற புத்தியே ஒழிய வேறல்ல.

காரணம் வெளிப்படையானது. 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்கள் வீடு வீடாகத் தேடிக் கொல்லப்பட்டார்கள். ஓடி வந்த வாலிபர்களுக்கு இந்திய சர்க்காரே ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது. 1987-இல் ஒப்பந்தம் என்று பட்டாளத்தை அனுப்பி, அதே வாலிபர்களோடு சண்டை போட்டது. 1990 மார்ச்சில் பட்டாளம் திரும்பிற்று. ராஜீவ் மறுபடி பிரதமரானால் பட்டாளமும் மறுபடி வரும் என்று பயந்து விடுதலைப் புலிகள் கொலைக்குத் திட்டமிட்டார்கள் என்பதுதான் வழக்கு.

அதனால் காரியம் நியாயமாகிவிடுமா? ஒருக்காலும் ஆகாது. அன்றிரவு காவல் நின்ற போலீஸ்காரர்களும், பேச்சுக் கேட்க வந்தவர்களும் சேர்ந்து செத்தார்களே, அவர்கள் யாழ்ப்பாணத்துக்கு என்ன தீங்கு செய்தார்கள்? அந்தப் பெண் மாலை போட்டு, காலைத் தொடுவதுபோல் குனிந்துதான் குண்டை வெடித்தாள். (காலில் விழுகிற வழக்கம் நம் நாட்டில் எதற்கெல்லாம் உதவுகிறது பாருங்கள்!) தலைவன் சொல்லிவிட்டால் கேள்வி இல்லை, கழுத்தில் விஷக்குப்பி என்பது பக்திதான். தீ மிதிக்கிறவன் அறிவை எங்கே வைத்துவிட்டு வருகிறானோ, அங்கேதான் இவர்களும் வைத்துவிட்டு வந்தார்கள்.

சர்க்காராவது அறிவைக் கொண்டு நடந்ததா என்றால், அதுவும் இல்லை. பஞ்சாபைக் காட்டி 1985-இல் தடா என்று ஒரு சட்டம் செய்தார்கள். போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியாகாது என்று 1872-ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டம் சொல்லிற்று. அடித்தால் ஆனையும் தன்னைப் பூனை என்று ஒப்புக்கொள்ளும் என்பது அவனுக்கே தெரிந்திருந்தது. தடாவோ, போலீஸ் சூப்பிரண்டு எழுதி வாங்கினால் போதும், அது சாட்சி என்றது. பெரியவர் சொன்னால் வேதம் என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அந்தச் சட்டத்தில் பிடிபட்டவர்கள் 70 ஆயிரத்துக்கு மேல். தண்டனை அடைந்தவர்களோ நூற்றுக்கு மிகச் சிலரே. 1995-இல் சட்டமே காலாவதியாயிற்று.

ஆனால் இந்த வழக்கு அதே சட்டத்தில் நடந்தது. 1998 ஜனவரி 28-ந் தேதி இவ்வூர்க் கோர்ட்டு 26 பேரை நிறுத்தி 26 பேருக்கும் தூக்கு என்றது. ஒருவர்கூட மிச்சமில்லை! தடாவில் ஹைக்கோர்ட்டுக்கு அப்பீல் கிடையாது. நேரே டில்லி சுப்ரீம் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். அங்கே 1999 மே 11-ந் தேதி, 19 பேர் மீது கொலைச் சதி ருசுவாகவில்லை என்று விட்டுவிட்டார்கள். 4 பேருக்குத் தூக்கு, 3 பேருக்கு ஆயுள். 19 உயிர், தோழர்களே! ஒரு மேல் கோர்ட்டு இல்லாதிருந்தால்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இது தடாச் சட்டப்படி பயங்கரவாதக் குற்றமே அல்ல என்று அந்தத் தீர்ப்பே சொல்லிற்று. ஆனால் தடாவில் எழுதி வாங்கிய வாக்குமூலம் மட்டும் செல்லுமாம்! மரம் இல்லை, நிழல் மட்டும் இருக்கிறது என்பது போல.

பேரறிவாளன் என்பவர் பிடிபட்டபோது வயது 19. இரண்டு பாட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. அது எதற்கென்று தமக்குத் தெரியாது என்று அவர் சொன்னதை எழுதாமல் விட்டுவிட்டதாக, வாக்குமூலம் வாங்கிய அதிகாரியே பென்ஷன் வாங்கிய பிறகு 2013-இல் வெளியிட்டார். 2022 மே 18-இல் பேரறிவாளனைச் சுப்ரீம் கோர்ட்டு விடுவித்தது. ஏறக்குறைய 31 வருஷம் ஆயிற்று. மற்ற 6 பேரும் அதே வருஷம் நவம்பரில் வெளியே வந்தார்கள்.

தடா போய் 2002-இல் பொடா வந்தது. 2004-இல் அதுவும் போயிற்று. இப்போது ஊபா என்கிற சட்டம் இருக்கிறது. அதில் போலீஸ் வாக்குமூலம் செல்லாது என்பது நல்லதுதான். ஆனால் குற்றப்பத்திரிகை கொடுக்காமலே 180 நாள் வரையில் அடைத்து வைக்கலாம். அதற்குப் பின்னும் ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆவடியிலும் அம்பத்தூரிலும் இருந்து வந்திருக்கும் தொழிலாளித் தோழர்கள், 6 மாதம் கூலி இல்லாமல் தங்கள் வீட்டு அடுப்பு எரியுமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும்.

நாம் சொன்னதில் சந்தேகம் உள்ளவர்கள் சீட்டு எழுதிக் கொடுத்தால் இப்போதே பதில் சொல்லத் தயாராயிருக்கிறோம்.