மேல்பாதியில் யாருடைய நம்பிக்கை அடிபட்டது?

(திண்டிவனத்தில் இளைஞர்களிடையே ஆற்றிய உரை)



"மத நம்பிக்கையில் அரசு தலையிடக் கூடாது" என்கிறார்கள். நம் விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியைப் பாருங்கள். 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் சாமி கும்பிடப் போன தலித்துகள் தாக்கப்பட்டார்கள். சட்டம் ஒழுங்கு என்று சொல்லி, ஜூனில் வருவாய்த்துறை கோயிலுக்குச் சீல் வைத்தது. அடித்தவருக்கும் அடிபட்டவருக்கும் ஒரே பூட்டு! 2024 மார்ச்சில் திறந்தபோதும் பூசை மட்டும்தான், பொதுமக்களுக்கு அனுமதியில்லை. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2025 ஏப்ரல் 17 அன்றுதான் தலித்துகள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போய்க் கும்பிட்டார்கள்.

அங்கே அடிபட்டது நம்பிக்கை; அடித்தது சாதி. பொதுக் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட அரசு சட்டம் செய்யலாம் என்று அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவே சொல்கிறது.

"கடவுளே இல்லை, கோயில் எதற்கு?" என்று நம் தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். 1930இல் நாசிக் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டத்தை நடத்திய அம்பேத்கர்தான் 1956இல் பௌத்தம் தழுவினார். கோயில் வேண்டுமா, வேண்டாமா என்பதை அந்த மக்கள் முடிவு செய்யட்டும். வாசலை மறிக்கும் சாதியை எதிர்ப்பது, சாமி கும்பிடாத நமக்கும் வேலைதான்.

ஜெய்பீம்.